பனியில் ஊன்றிய சில்லு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. நீராவி எவ்வாறு வந்தது, பெற்றோல் எவ்வாறு அதனை வென்றது, பரிவலு எவ்வாறு பத்திலிருந்து நூறாக வளர்ந்தது என்பனவே நூல்களில் விரித்துரைக்கப்படும். ஆயினும் எஞ்சின் பிறப்பிக்கும் வலு முழுவதும் இறுதியில் ஒரே ஓரிடத்திற் பயன்பட வேண்டியிருக்கின்றது. சில்லும் நிலமும் ஒன்றையொன்று தொடும் உள்ளங்கையளவு இடமே அது. அவ்விடத்திற் பிடிப்பு இல்லையெனின் எத்தனை பரிவலு இருந்தும் பயனில்லை, சில்லு நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி அசையாது. மாரிகாலத்திற் பனி மூடும் தேசங்களில் இவ்வுண்மையை உழவரும் வண்டியோட்டிகளும் நாடாய்வோரும் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. சில இடங்களில் துயரமும் கலந்தது.

காய்ந்த தார் வீதியில் றப்பர்ச் சில்லு, தன்மீது அழுத்தும் பாரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு இழுவையைத் தாங்க வல்லது. பனிக்கட்டியின்மேல் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியிலும், உருகும் நிலையை நெருங்கிய பனிக்கட்டியே மிக வழுக்கும். அதன்மேற் படரும் நீர்ப்படலமே அதற்குக் காரணம். புதிதாகப் பெய்த வெண்பனியோ வேறுவகை இடையூறு தருவது. அது வழுக்குவதுடன் சில்லை உள்வாங்கிப் புதைத்தும் விடுகின்றது. சேற்று வயலிற் புதைந்து, சுழலச் சுழல ஆழ்ந்துபோகும் உழவு இயந்திரத்தைக் கண்டவர்களுக்கு அக்காட்சி புதிதன்று. சேற்றுக்கு இரும்புச் சில்லுப் பூட்டி இறங்கும் இந்நாட்டு உழவனும், பனிக்குச் சங்கிலி பூட்டி இறங்கும் வடநாட்டு உழவனும் ஒரே வினாவுக்கே விடை தேடுகின்றனர்.

அவ்வினாவுக்கு இரண்டு விடைகள் ஒரே ஆண்டில், ஒரே தேசத்தின் இரு கோடிகளிற் பிறந்தன. அவ்வாண்டு 1904. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கே, நியூயோர்க் மாநிலத்துக் கனஸ்ரோற்றா என்னும் ஊரில் ஹரி வீட் என்பவர் வாழ்ந்தார். அக்காலத்து மோட்டார் வண்டியோட்டிகள், சேற்றிலும் பனியிலும் வழுக்காதிருக்கும் பொருட்டுக் கயிற்றைச் சில்லின்மேற் சுற்றிக் கட்டுவதுண்டு. கயிறு விரைவில் தேய்ந்து அறுந்துபோகும். கயிறு செய்யும் வேலையை இரும்புச் சங்கிலி செய்தால் என்னவென வீட் சிந்தித்தார். சில்லின் உட்புறத்தில் ஒரு சங்கிலி, வெளிப்புறத்தில் ஒரு சங்கிலி, இவ்விரண்டையும் இணைத்து ரயரின் முகத்தின்மேற் குறுக்கே செல்லும் பல சிறு சங்கிலிகள் என்பதே அவர் வகுத்த அமைப்பு. அது சில்லோடு இறுக ஆணியடிக்கப்படாது, ரயரின்மேற் சற்றே நகரக்கூடியதாக இருந்தது. ஆகவே ஓரிடம் மட்டும் தேயாது, றப்பரும் வெட்டுப்படாது. 1904 ஆகஸ்ட் 23ஆந் தேதி அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், மேற்கே கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரருகே பென்ஜமின் ஹோல்ற் என்பவர் வேறொரு பரீட்சையை நடத்தினார். அப்பகுதியின் சதுப்பு நிலத்தில் நீராவி உழவு இயந்திரங்கள் புதைந்து போயின. சில்லுகளை மேன்மேலும் அகலமாக்கியும் பயன் கிட்டவில்லை. ஹோல்ற், சில்லுகளைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பதித்த முடிவிலாத் தொடர்பட்டையை அவற்றின் இடத்திற் பூட்டினார். இயந்திரம் தனக்குத்தானே பாதை விரித்து, அப்பாதையின்மேல் தானே நடந்து சென்றது.

ஆகவே பிடிப்புக்கு வழி இரண்டாயிற்று. வீட்டின் சங்கிலி, பாரத்தைச் சிறிய இரும்பு வளையங்களிற் குவித்து நிலத்தைக் கடித்துப் பிடிப்பது. ஹோல்ற்றின் தொடர்பட்டை, பாரத்தை அகலப் பரப்பிப் புதையாது நடப்பது. ஒன்று நகம், மற்றது பாதம். எந்தப் பனிக்கு எது வேண்டும் என்பதே அதன்பின் வந்தோர் அனைவரும் எதிர்கொண்ட தேர்வாயிற்று.

இத்தேர்வில் தவறினாற் கிடைக்கும் தண்டனையை அந்தாட்டிக்காக் கண்டம் முதலிற் காட்டியது. 1908ஆம் ஆண்டு ஏர்னஸ்ற் ஷக்கிள்ரன் தமது நிம்றொட் யாத்திரையில், ஸ்கொற்லாந்தில் செய்யப்பட்ட அறல் ஜோன்ஸ்ரன் மோட்டார் வண்டியொன்றை அங்கே கொண்டு சென்றார். அதனை இயக்கிப் பேணும் பொறுப்பு பேர்ணாட் டே என்பவரிடம் இருந்தது. குளிரிலும் எஞ்சின் இயங்கியது. கடலின்மேல் உறைந்த சமதளப் பனிக்கட்டியில் வண்டி ஓடிப் பொதிகளை இழுத்தது. மென்பனி தொடங்கிய இடத்திலோ சில்லுகள் புதைந்து வீணே சுழன்றன. தென்முனைவை நோக்கிய பயணத்துக்கு அவ்வண்டி உதவவில்லை. ஷக்கிள்ரனும் தோழர் மூவரும் மட்டக் குதிரைகளுடன் புறப்பட்டு, பின்னர் தாமே பாரம் இழுத்து, 1909 ஜனவரியில் முனைவுக்கு ஏறக்குறைய நூறு மைல் இருக்கத் திரும்பினர்.

றொபேட் ஸ்கொற் இதிலிருந்து பாடம் கற்றார். தமது 1910ஆம் ஆண்டு யாத்திரைக்குச் சில்லுள்ள வண்டியை அவர் நாடவில்லை. தொடர்பட்டை பூண்ட மோட்டார்ச் சறுக்குவண்டிகள் மூன்றை ஆயத்தம் செய்வித்தார். அவற்றை உருவாக்குவதில் முன்னின்று உழைத்தவர் றெஜினோல்ட் ஸ்கெல்ரன் என்னும் கடற்படைப் பொறியியலாளர். நோர்வேயின் பனிமலைகளில் அவை பரீட்சிக்கப்பட்டன. ஆயினும் அணி புறப்பட்டபோது ஸ்கெல்ரன் அதிற் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வண்டிகளின் பொறுப்பு, ஷக்கிள்ரனோடு சென்று வந்த அதே பேர்ணாட் டேயிடம் வந்தது. 1911 ஜனவரியிற் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒரு வண்டி பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கடலில் ஆழ்ந்தது. ஏனைய இரண்டும் ஒக்டோபர் 24ஆந் தேதி தெற்கு நோக்கிப் புறப்பட்டு, சில நாட்களுக்குள்ளேயே எஞ்சின் சூடேறியும் உட்பகுதிகள் உடைந்தும் செயலற்றுக் கைவிடப்பட்டன. பட்டைகளோ தம் கடமையைச் செய்தே இருந்தன. அதன்பின் குதிரைகளும் நாய்களும், ஈற்றில் மனிதரின் தோள்களுமே பாரத்தை இழுத்தன. 1912 ஜனவரி 17ஆந் தேதி முனைவை அடைந்த ஐவரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. இறுதிவரை எஞ்சியிருந்த மூவர், உணவும் எரிபொருளும் வைக்கப்பட்ட களஞ்சியத்துக்குப் பதினொரு மைல் தொலைவில் மாண்டனர். அவ்விழப்புக்குக் காரணங்கள் பலவுண்டு. ஆயினும் பனியில் நம்பத்தக்க இழுவை இல்லாத இடத்தில் மனிதன் எவ்வளவு தனித்தவன் என்பதை அப்பதினொரு மைல் உணர்த்துகின்றது.

ஷக்கிள்ரனின் வண்டியில் எஞ்சின் இயங்கியது, பிடிப்புத் தவறியது. ஸ்கொற்றின் வண்டியில் பிடிப்பு நிலைத்தது, எஞ்சின் தவறியது. இரண்டும் ஒருங்கே அமையும் இயந்திரம் போர்முனையிலோ ஆய்வுகூடத்திலோ உருவாகவில்லை. உழவனின் வயலிலேயே உருவாகியது.

1930 வரை வயலில் இறங்கிய உழவு இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் இரும்புச் சில்லுகளே இருந்தன. அவற்றின் விளிம்பிற் புடைத்து நின்ற இரும்புப் பற்கள் மண்ணைக் கடித்துப் பிடித்தன. ஆனால் வீதியில் இறங்கினால் அவை வீதியையே கிழித்தன. ஓட்டுபவனின் எலும்புகளும் அதிர்ந்தன. 1932ஆம் ஆண்டில் அலிஸ் சால்மேஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி, பயர்ஸ்ரோன் கம்பனியின் காற்றடைத்த றப்பர் ரயர்களைத் தனது உழவு இயந்திரத்துக்குப் பூட்டியது. உழவர்கள் முதலில் நம்பவில்லை. 1933இற் பந்தய வீரர் பார்ணி ஓல்ட்பீல்ட் அவ்வியந்திரத்தை மணிக்கு அறுபது மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிக் காட்டினார். பத்தாண்டு கழியுமுன் புதிய இயந்திரங்களிற் பெரும்பாலானவை றப்பர் ரயர்களுடனேயே விற்பனையாயின. றப்பர் வேகத்தைத் தந்தது, எரிபொருளை மிச்சப்படுத்தியது. ஆனால் மாரிகாலம் வந்தபோது, இரும்புப் பற்களோடு பனியைக் கடிக்கும் ஆற்றலும் போய்விட்டதென்பதை வடநாட்டு உழவன் கண்டான். இழந்த பற்களை மீட்டுக் கொடுத்தது வீட்டின் சங்கிலியே.

இக்காலத்திலே சிறிய உழவு இயந்திரத்துக்குப் புது வாழ்வு அளித்தவர் ஹரி பேர்குசன். 1884ஆம் ஆண்டு அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் ஓர் உழவனின் மகனாகப் பிறந்தவர் அவர். 1909இன் கடைசி நாளில், தாமே கட்டிய விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதற் பறந்தவரும் அவரே. கலப்பையை இயந்திரத்தின் பின்னே கட்டி இழுப்பதை விடுத்து, மூன்று புள்ளிகளில் அதனோடு ஒன்றாக இணைத்து, நீரியல் விசையால் உயர்த்தித் தாழ்த்தும் முறையை அவர் வகுத்தார். மண் கலப்பையைத் தடுக்கும் தடையே, அவ்விணைப்பின் வழியாக இயந்திரத்தின் பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்தியது. ஆதலால் பிடிப்புக்காக இயந்திரத்தைக் கனமாக்க வேண்டிய தேவை குறைந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்ட அவருடைய சாம்பல் நிற ரீ.ஈ.20 இயந்திரம் 2,500 இறாத்தல் அளவே நிறையுடையது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின.

வயலிற் பேர்குசனின் முறை சிறந்தது. பனியிலோ அது அரைப்பயனே தந்தது. மாரிகாலத்தில் உழவு இல்லை. வீட்டு வாயிலின் பனியைத் தள்ளுவதும், காட்டிலிருந்து மரம் இழுப்பதும், மாட்டுக்கு வைக்கோல் கொண்டு செல்வதுமே அப்போதைய வேலைகள். மண்ணுட் புகுந்த கலப்பை இல்லாதபோது பின்சில்லை அழுத்தும் விசையும் இல்லை. சிறிய இயந்திரத்தின் குறைந்த நிறை, கோடையில் அதன் சிறப்பாக இருந்தது. மாரியில் அதுவே அதன் குறையாயிற்று.

அக்குறையைப் போக்க முதலிற் கையாளப்பட்ட வழி பாரம் ஏற்றுதல். சில்லில் இரும்புத் தட்டுகளைப் பூட்டுவர். அல்லது ரயரினுள் நீரை நிரப்புவர். நீர் உறையாதிருக்கக் கல்சியம் குளோரைட்டு உப்பை அதிற் கரைப்பர். இது பயன் தருவதே. ஆனால் அதன் எல்லையைக் கணக்கு காட்டிவிடும். பின்சில்லுகளின்மேல் 1,500 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்ளலாம். வழுக்கும் பனிக்கட்டியின்மேல் அதனாற் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 150 இறாத்தல். மேலும் 500 இறாத்தல் ஏற்றினாலும் கூடுவது 50 இறாத்தல் மாத்திரமே. பாரம் ஏற்றுவது பழைய விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு தொகையை மட்டும் கூட்டுகின்றது. சங்கிலியோ அவ்விகிதத்தையே மாற்றிவிடுகின்றது. ஆதலினாலேயே முதலிற் சங்கிலி, பின்னரே பாரம் என்பதை அனுபவமுள்ளோர் விதியாகக் கொண்டனர்.

சங்கிலியிலும் எல்லாம் ஒன்றல்ல. வீட் வகுத்த வடிவம் ஏணியை ஒத்தது. பக்கச் சங்கிலிகள் ஏணியின் கால்களாகவும் குறுக்குச் சங்கிலிகள் படிகளாகவும் அமைந்தவை. மோட்டார் வண்டியின் ரயர் முகம் ஏறக்குறையச் சமமானது. ஆகவே ஏணிச் சங்கிலி அதற்குப் பொருந்தியது. உழவு இயந்திரத்தின் பின்ரயரிலோ தடித்த றப்பர் வரம்புகள் சரிவாக அமைந்திருக்கும். வரம்புகளுக்கிடையே ஆழமான பள்ளங்களும் உண்டு. படிகள் ஐதாக உள்ள ஏணிச் சங்கிலியை அதற்குப் பூட்டினால், குறுக்குச் சங்கிலிகள் அப்பள்ளங்களுள் விழுந்து மறைந்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய இரும்பு, பனியைத் தொடாமலே சில்லோடு சுற்றி வரும். ஆகவே உழவு இயந்திரத்துக்குப் படிகள் நெருக்கமான சங்கிலி வேண்டும். அன்றேல் குறுக்குச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி வைர வடிவக் கட்டங்களாக அமைந்த சங்கிலி வேண்டும். வரம்புகளின்மேற் பாலம் போலப் படிந்து நிற்பதால் வைர வடிவம் பள்ளத்தில் விழுவதில்லை.

வைர வடிவத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஏணிச் சங்கிலி முன்னும் பின்னும் வழுக்குவதைத் தடுக்கும். பக்கவாட்டில் வழுக்குவதை அவ்வளவாகத் தடுக்காது. சரிவான நிலத்தில் உயிருக்கு ஊறு செய்வது இப்பக்க வழுக்கலே. குறுகிய சிறு இயந்திரம் பக்கவாட்டில் வழுக்கி ஒரு கல்லிலோ வரம்பிலோ தட்டினால் கவிழ்ந்துவிடும். இறக்கத்தில் ஆபத்து இன்னும் பெரிது. பேர்குசன் போன்ற இயந்திரங்களிற் தடுப்பு பின்சில்லுகளுக்கு மட்டுமே உரியது. அவை பிடிப்பிழந்தால், பின்னே கட்டிய மரச்சுமை ஓட்டுபவனை முன்னோக்கித் தள்ளத் தொடங்கும். ஆகவே சங்கிலி ஏறுவதற்கு மட்டுமன்று, நிற்பதற்கும் வேண்டியதொன்று. அதனை இரு பின்சில்லுகளுக்கும் பூட்டுதல் வேண்டும்; ஒன்றுக்கு மட்டும் பூட்டினால், வலுவைப் பகிரும் பற்சக்கர அமைப்பின் காரணத்தாற் பிடிப்பில்லாத சில்லே வீணே சுழலும்.

இடைவெளியும் கவனிக்கத்தக்கது. சங்கிலி ரயரின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டுவதால், சேற்றுக்காப்பிலோ கலப்பையைத் தூக்கும் கைகளிலோ உரசக்கூடும். பேர்குசன் இயந்திரத்தின் பின்சில்லுகளை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை அகற்றி வைக்கலாம். ஆகவே சில்லை வெளியே நகர்த்தி இடம் செய்துகொள்ள முடிந்தது. ஒரே அளவெண் கொண்ட இரு ரயர்களிலும் வரம்பின் உயரம் வேறுபடும். எனவே எண்ணை மட்டும் பாராது, சில்லைச் சுற்றி அளந்தே சங்கிலி வாங்குதல் அறிவுடைமை. பூட்டியபின் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து மீண்டும் இறுக்க வேண்டும். கொக்கிகளின் முனை வெளிப்புறம் நோக்கியிருத்தல் வேண்டும். உட்புறம் நோக்கியிருந்தால் அவை ரயரையே கிழிக்கும். 1970ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய நிறுவனங்களின் சிறு உழவு இயந்திரங்கள் அமெரிக்காவிற் பரவிய பின்னரும் இவ்விதிகள் மாறவில்லை. நான்கு சில்லுகளும் இயங்கும் இயந்திரங்கள் பெருகியமையால், முன்சில்லுக்கும் சங்கிலி வேண்டுமா என்ற வினா மட்டுமே புதிதாகச் சேர்ந்தது.

இவையனைத்தும் பனியின் அடியில் உறுதியான தளம் உள்ள இடத்துக்கே பொருந்தும். அத்தளத்தைத் தேடிக் கடிப்பதே சங்கிலியின் தொழில். கடிப்பதற்குத் தளமே இல்லாத ஆழ்பனியில் அதே சங்கிலி மண்வெட்டியாக மாறித் தனக்கே குழி தோண்டிவிடும். சிறிய உழவு இயந்திரமொன்று இவ்வெல்லையையும் கடந்த நிகழ்ச்சி 1957ஆம் ஆண்டில் தொடங்கியது.

அவ்வாண்டில், அந்தாட்டிக்காவைக் குறுக்கே கடக்கும் பொதுநலவாய யாத்திரை நடைபெற்றது. அதன் தலைவரான விவியன் பூக்ஸ் வெடல் கடற்பக்கத்திலிருந்து புறப்பட, மறுபக்கத்திலிருந்து அவருக்காக உணவும் எரிபொருளும் சேமித்து வைக்கும் பொறுப்பு நியூசிலாந்தரான எட்மண்ட் ஹிலாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. நான்காண்டுகளுக்கு முன் டென்சிங்குடன் எவரெஸ்ற் சிகரத்தில் ஏறியவர் அவரே. பூக்ஸிடம் பனிக்கெனவே செய்த பெரிய வண்டிகள் இருந்தன. ஹிலாரிக்கு வாய்த்தவையோ பேர்குசன் உழவு இயந்திரங்கள். அவர் அவற்றுக்குச் சங்கிலியைத் தேரவில்லை. முன்சில்லையும் பின்சில்லையும் ஒருசேரச் சுற்றி ஓடும் தொடர்பட்டையைத் தேர்ந்தார். நகத்தை விடுத்துப் பாதத்தைத் தேர்ந்தார் எனலாம். 1957 மார்ச்சில் குறோசியர் முனைக்கு ஒரு சிறு பயணம் சென்று அவற்றைப் பரீட்சித்தனர். சூரியன் தோன்றாத மாரிகாலத்தில் மறி எல்லிஸ், ஜிம் பேற்ஸ் ஆகிய இருவரும் ஸ்கொற் தளத்தில் அவற்றைச் செப்பனிட்டனர்; காற்றைத் தடுக்க இரட்டுத் துணியாற் கூடு அமைத்தனர்.

1957 ஒக்டோபர் 14ஆந் தேதி மூன்று பேர்குசன்களும் வீசல் என்னும் பனிவண்டியொன்றும் புறப்பட்டன. பனிப்பிளவுகளில் விழுந்தால் ஒன்றையொன்று தாங்கும் பொருட்டு வண்டிகள் கயிற்றாற் பிணைக்கப்பட்டன. மேட்டுநிலத்துக்கு ஏற அவர்கள் கொண்ட வழி ஸ்கெல்ரன் பனிக்கட்டியாறு. ஸ்கொற்றின் மோட்டார்ச் சறுக்குவண்டிகளுக்காக உழைத்து, அவற்றோடு செல்லும் வாய்ப்பை இழந்த அதே ஸ்கெல்ரனின் பெயரே அதற்குரியது. தொடர்பட்டை பூண்ட வண்டிகள் அவர் பெயர் தாங்கிய பாதையால் ஏறிச் சென்றது காலம் செய்த ஈடு போலும்.

மேட்டுநிலத்திற் காற்று ஐதானது. அவ்வுயரத்திற் பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் நாலில் ஒரு பங்கையேனும் இழந்துவிடும். மென்பனியிற் பட்டைகள் சுழன்றபோது பொருள்களை இறக்கிச் சுமையைக் குறைத்தனர். வீசல் வழியிலேயே பழுதுற்றுக் கைவிடப்பட்டது. உழவு இயந்திரங்கள் மூன்றும் தொடர்ந்தன. 700 மைலில் இறுதிக் களஞ்சியத்தை அமைத்தபின் ஹிலாரி முனைவை நோக்கிச் சென்றமை பூக்ஸோடு கருத்து வேற்றுமைக்கும் இடமளித்தது. 1958 ஜனவரி 4ஆந் தேதி ஐவரும் முனைவை அடைந்தனர். ஸ்கொற்றுக்குப் பின் தரைவழியாக அங்கே வந்தவர்கள் அவர்களே; இயந்திர வண்டியில் முதன்முதல் வந்தவர்களும் அவர்களே. எஞ்சியிருந்த பெற்றோல் ஏறக்குறைய 20 கலன் மாத்திரமே. பூக்ஸ் ஜனவரி 19இல் முனைவை அடைந்து, வைக்கப்பட்டிருந்த களஞ்சியங்களின் துணையோடு மார்ச் 2ஆந் தேதி ஸ்கொற் தளத்திற் பயணத்தை முடித்தார். அங்கே சென்ற பேர்குசன்களுள் ஒன்று நியூசிலாந்தின் கன்ரபரி அருங்காட்சியகத்திற் பேணப்பட்டு வருகின்றது.

வயலுக்கெனச் செய்த எளிய இயந்திரம், பெருஞ்செல்வத்திற் செய்த வண்டிகள் தவறிய இடத்தில் நிலைத்தமைக்கு அதன் எஞ்சினின் பருமன் காரணமன்று. அதன் வலு சிறியதே. செல்லும் நிலத்தின் இயல்பை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ற பிடிப்பைப் பின்னர் தேர்ந்தமையே காரணம். இறுகிய பனிக்கும் பனிக்கட்டிக்கும் சங்கிலி. ஆழ்ந்த மென்பனிக்குத் தொடர்பட்டை. ஷக்கிள்ரன் காலத்திலிருந்து அரை நூற்றாண்டாக, பெருஞ்செலவும் உயிரிழப்பும் கொடுத்துக் கற்கப்பட்ட பாடம் இது. அதனையே இன்று வடநாட்டு உழவன், முதற்பனி விழுமுன் தன் கொட்டிலில் அளவுநாடாவோடு குனிந்து, சில்லைச் சுற்றி அளக்கும்போது கடைப்பிடிக்கின்றான்.